பக்கத்து நம்பர்

“பக்கத்துப் பக்கத்து நம்பரா ரெண்டு இருக்குமா?”

முன்பு ஒருமுறை முத்துப்பேச்சி செல்போன் கடைப் பெண்ணிடம் இப்படிக் கேட்டாள். தாலிக்கயிற்றில் மஞ்சள் மாறாமல் இருந்தது. பின்னால் புதுமாப்பிள்ளை நின்றான்.

“ஒரு நம்பர் தள்ளிப் போனாக்கூட இவளுக்குத் தூக்கம் வராதாம்” என்று சிரித்தான்.

சிம் கார்டு எடுத்துக் கொடுப்பது அந்தக் கடைப் பெண்ணின் வேலை. தேடிக் கொடுத்தாள். அவனுடைய எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் முத்துப்பேச்சியுடையது.

கடையில் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டையும் வகுத்துப் பார்த்தாள்.

மூன்று அவனுடையதை மீதியில்லாமல் வகுத்தது. முத்துப்பேச்சியுடையதில் ஒன்று மிஞ்சியது. ஏழும் அப்படியே.

அடுத்தடுத்த எண்கள். எவ்வளவு பெரியவையாக இருந்தாலும், ஒன்றைத் தவிர வேறு எதுவும் இரண்டையும் சேர்த்து வகுக்காது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் முத்துப்பேச்சி தனியாக வந்தாள். உதடு வீங்கியிருந்தது.

“வேற நம்பர் குடு தாயி. அந்த ஆளுக்குத் தெரியவே கூடாது.”

அந்தப் புது எண்ணையும் வகுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஏதோ மிஞ்சியது.

கை ஓயும் வரை வகுத்தாள். அது உடையவில்லை.

இப்போது அவன் வந்து நிற்கிறான். கல்லாவில் முதலாளி காஜா பாய்.

“தங்கச்சி, அவ புது நம்பர் நீதான குடுத்த. சொல்லு.”

“மறந்துட்டேண்ணே.”

காஜா பாய் சிரித்தார்.

“இவளா மறக்குறவ? எட்டாவதோட நின்ன பிள்ளைதான். ஆனா ஊர்ல இருக்குற நம்பரெல்லாம் இவ மண்டைக்குள்ள கெடக்கு. சொல்லி அனுப்புத்தா. புருசன் பொண்டாட்டி விவகாரம்.”

கடையில் வேறெங்கும் அந்த எண் இல்லை. அவளிடம் மட்டுமே இருந்தது.

அவன் மேசைமேல் குனிந்தான்.

“அப்ப என் நம்பரச் சொல்லு, பாப்போம்.”

ரீசார்ஜுக்கு வரும்போதெல்லாம், அவன் வாயைத் திறக்கும் முன்பே அவள் தட்டிவிடுகிற எண்.

சொன்னாள்.

நடுவில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிச் சொன்னாள்.

மாற்றினாலும் அது மூன்றால் வகுபடும். அந்த நேரத்திலும் அது தலைக்குள் ஓடியது.

அவன் இல்லையென்று தலையாட்டினான். காஜா பாயின் சிரிப்பு நின்றது.

“என்னத்தா இது. இதுகூடத் தெரியலையா? உன்ன நம்பியா நான் கடைய விட்டுட்டுப் போறேன்?”

“இப்பல்லாம் மறந்துருது பாய்.”

அவளுக்குக் காது சுட்டது. கண்கள் நிறைந்தன. ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே நல்ல பேர் அது.

அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

அங்கே அவமானம் மட்டும் இருந்தது. அதில் பொய் இல்லை.

அவன் தன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான்.