தேய்கிற வாசற்படி

கடல் கரையை அரித்ததில் வெளிவந்த பழங்கால வீட்டின் வாசற்படிக் கல்லை, ஆய்வகக் கிடங்கில் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். மிதிபட்டு மிதிபட்டு நடுவில் குழி விழுந்த கல். முதல் திங்களன்று குழியின் ஆழம் முப்பது மில்லிமீட்டர். அடுத்த திங்கள் முப்பத்தொன்று.

“அளவு தப்பியிருக்கும்க்கா,” என்றான் காவலாளி.

“இருபது வருஷமா தப்பாத அளவு இப்பவா தப்பும்?” என்றாள் அளவெடுக்கும் மில்லிமீட்டர் அக்கா. அந்தப் பட்டப்பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. “யாரோ நடக்குறாங்க தம்பி. அந்தப் பக்கம் பிடி. பாவம், செவுத்துல முட்டிக்கப் போறாங்க.”

இருவருமாகக் கல்லைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

மூன்றாம் திங்கள், முப்பத்திரண்டு. எழுதி முடித்தவள், கிடங்கு வாசலிலும் குனிந்து அளவுகோலை வைத்தாள். போன மாதம்தான் பூசிய சிமெண்ட் படி. நடுவில் ஒரு மில்லிமீட்டர் பள்ளம் விழுந்திருந்தது.