ஓர் எலும்பு குறைவு

உபதேசியார் தவசிமுத்துவின் உடலைக் குளிப்பாட்ட ஆண்கள் வந்தபோது, மனைவி செல்லக்கனி "நானே பாத்துக்கிடுதேன்" என்று கதவைச் சாத்தினாள். நாற்பது வருடமாக, அவள் எதிர்த்துப் பேசும்போதெல்லாம் அவர் தன் இடது விலாவைத் தட்டிக் காட்டுவார். "ஏவாள ஆண்டவரு இங்கயிருந்துதான எடுத்தாரு. எனக்கு ஒண்ணு கொறையுது. அதுதான் நீ."

நோயில் இளைத்த உடம்பில் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. சோப்பு நுரைக்குள் விரலை வைத்து இடப்பக்கம் எண்ணினாள். பன்னிரண்டு. வலப்பக்கமும் பன்னிரண்டு. நுரையைக் கழுவிவிட்டு, கீழிருந்து மேலாக மறுபடி எண்ணினாள்.

"மதினி, போதகர் வந்துட்டாவ" என்றான் கொழுந்தன் வெளியிலிருந்து.

வெள்ளைச் சட்டையை மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"அவிய எலும்பெல்லாம் அவியகிட்டயே இருக்கு. தூக்குங்க."