மேயோவில் முதல் அறுவடை

காலநிலை மாறிப்போனதில், அயர்லாந்தின் மேயோவில் இப்போது வசந்தகால மழை வயலை விட்டு வடிவதேயில்லை. கோடையோ இலங்கையின் கிளிநொச்சியைப் போலக் கொளுத்துகிறது. உருளைக்கிழங்கு மறுபடியும் அழுகியபோது, நிலத்தை விற்றுவிடலாம் என்றான், கிளிநொச்சியிலிருந்து வந்து குடியேறிய நவநீதன்.

மனைவி சுகிர்தா மறுத்தாள். "தண்ணி நிக்குது, வெயிலும் எரிக்குது. நெல்லுப் போடுவம்."

"இஞ்சயோ? சனம் சிரிக்குமடி."

"சிரிக்கட்டும்."

சிரிக்கத்தான் செய்தார்கள். பக்கத்துக் காணிக்காரர் டெக்லன், வாத்து வளர்க்கப் போகிறீர்களா என்று கேட்டார். சுகிர்தா முழங்கால் சேற்றில் தனியாகவே நாற்று நட்டாள். மறுநாள் நவநீதனும் இறங்கினான்.

செப்டம்பரில் வயல் முழுக்கப் பொன்னிறக் கதிர்கள் சாய்ந்து நின்றன. நவநீதன் நெல்மணி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "விளைஞ்சிட்டுதடி!" என்று கத்தினான்.

சத்தம் கேட்டு வந்த டெக்லன் தொப்பியைக் கழற்றினார். "எனக்கும் விதை தருவாயா, சுகிர்தா?"

"தாறன். வசந்தத்தில மழை துவங்கச் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, நடவும் சொல்லித் தாறன்."