திரைக்குக் கீழே ஒரு குடம்

மயிலாத்தாள் காலிக் குடத்தைக் கொண்டுபோய், குடிநீர் அலுவலகத்துக் கணினித் திரைக்குக் கீழே வைத்தாள். திரை வரைபடத்தில் அவளுடைய காலனி பச்சையாகத் தெரிந்தது. பச்சை என்றால் நல்ல தண்ணீராம்.

“எங்க குழாயில ஒரு சொட்டாவது புடிச்சுப் பாத்தீங்களா சார்?”

“தேவையில்லம்மா. இது நியூரல் நெட்வொர்க். சுத்துப்பட்டுத் தண்ணியோட டெஸ்ட்டையெல்லாம் படிச்சு, உங்க தண்ணி எப்படி இருக்கும்னு அதுவே சொல்லிடும்,” என்றார் பொறியாளர்.

“எங்க குழாயில சாயத்தண்ணிதானுங்க வருது. நேத்து செவப்பு, இன்னைக்கு ஊதா. பச்சை இன்னும் வரலைங்க. நல்ல தண்ணி இந்தப் பொட்டியிலதான் வருதுன்னா, இதுலயே புடிச்சுக்கறோம்.”

அவளுக்குப் பின்னால் வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். பொறியாளர் சிரித்துப் பார்த்தார், பிறகு அதட்டிப் பார்த்தார். ஒரு குடமும் அசையவில்லை. கடைசியில் கணினியை அணைத்தார். திரை கறுத்தது.

மயிலாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடத்துக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“தண்ணிய நிறுத்திப்போட்டாருங்கோ. மறுபடி உடற வரைக்கும் ஒருத்தரும் வரிசைய உட்டுப் போயிறாதீங்க.”