சுவரோரத்துக்குப் பன்னிரண்டு துஜா

"எது சீக்கிரம் வளரும்னு மட்டும் சொல்லும்மா" என்றார் இஷென்குல்.

நாற்றுப் பண்ணைக்காரி ஷாய்ர்குல் மண் அப்பிய கையுறையோடு இடுப்பில் கைவைத்து நின்றாள். "வந்ததுலேருந்து அதையேதான் கேக்குறீங்க அண்ணே. பின்னாடி யாராவது துரத்திட்டு வர்றாங்களா?"

அவர் சிரிக்கவில்லை.

அக்டோபர் மண்ணில் இன்னும் சூடு இருந்தது. இப்போது நட்டால் பனி கொட்டுவதற்குள் வேர் பிடித்துவிடும். பிஷ்கெக் நகரின் இந்தப் புறநகரில் எல்லோரும் மரம் வாங்க வருவது இந்த வாரங்களில்தான். மற்றவர்கள் ஆப்பிள் கேட்டார்கள், செர்ரி கேட்டார்கள். இஷென்குலுக்கு இலை உதிராத மரம் வேண்டும்.

கோடை முழுக்க ஆப்ரிகாட் மரங்கள்தான் அண்டை வீட்டை மறைத்திருந்தன. பத்து நாளைக்கு முன் உறைபனி இறங்கியது. அத்தனை இலையும் கொட்டிப்போயிற்று. மறுநாள் விடியலில், தொழுகைக்குக் கைகால் கழுவ முற்றத்துக்கு வந்தவர் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார். தோக்தோசுன் வீட்டு மாடி ஜன்னலில் திரை ஒரு விரற்கடை விலகியிருந்தது. அவர் பார்த்ததும் மூடிக்கொண்டது.

அடுத்த நாளும் அப்படித்தான்.

அவருடைய மகள் பெர்மெத் நர்ஸ் படிப்புக்கு ஆறு மணி மினிபஸ்ஸைப் பிடிக்கிறவள். இருட்டு பிரியாத தெருவில் தனியாக நடந்து போவாள். பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்யாணம் கட்டுகிறவர்கள் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, நேரத்தை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் அவருடைய தங்கை போனது அப்படித்தான்.

தோக்தோசுன் நல்லவர். பதினெட்டு வருஷப் பழக்கம். போன மாதம் அவருடைய மூத்த மகன் கல்யாணத்தில், இரண்டு கையையும் ஏந்தி மணப்பெண்ணுக்கு முதல் ஆசி சொன்னதே இஷென்குல்தான். ஆனால் இளைய மகன் ரஷ்யாவிலிருந்து திரும்பியிருந்தான். வேலை இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட காரில் சிநேகிதர்கள் வந்து போனார்கள்.

அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

எட்டு நாளாக விடியலுக்கு முன்பே எழுந்தார். குளிர்காலத்துக்கென்று இறக்கி வைத்திருந்த நிலக்கரிக் குவியல்மேல் ஏறி நின்றார். அவருடைய தலை மட்டும் சுவருக்கு மேலே தெரியும். தெரியட்டும் என்றுதான் நின்றார். திரை விலகும். அவர் அசையமாட்டார். திரை மூடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் விலகும். பெர்மெத் கிளம்பிப் போய், வெளிச்சம் வந்து, அவர் இறங்குகிறவரை தோக்தோசுன் வீட்டு முற்றத்துக்கு ஒருவரும் வருவதில்லை.

அதுதான் அவருடைய சந்தேகத்தை உறுதியாக்கியது. மடியில் கனமில்லாதவர்கள் ஏன் ஒளிய வேண்டும்?

"இந்த நீல ஊசியிலைக் கன்னைப் பாருங்க, என்ன அழகு. ஆனா பேரன் கல்யாணத்துக்குத்தான் சுவரைத் தாண்டும்" என்றாள் ஷாய்ர்குல். "ஆர்ச்சா வேணுமா?"

"ஆர்ச்சா மலையோடது. திருஷ்டிக்குப் புகை போடக் கிளை ஒடிச்சிட்டு வரலாம். சுவத்தோரமா எவனாவது நடுவானா?"

"அப்ப வேலிக்கு வைக்கிற துஜாதான், பனியிலயும் பச்சையா இருக்கும். இது குட்டையா, ஒழுங்கா நிக்கும், வருஷத்துக்கு ஒரு சாணு. அது கொஞ்சம் முரடு. ரெண்டு சாணு ஏறும்."

முரட்டு வகையின் முன்னால் போய் நின்றார். ஆள் உயரம். கிளைக்குள் கையை விட்டுப் பார்த்தார். முழங்கைவரை மறைந்தது. அவருக்கு அது போதவில்லை.

"நீ அந்தப் பக்கம் போய் நில்லும்மா."

"என்னது?"

"பின்னாடி போய் நில்லு. தெரியுதான்னு பாக்கணும்."

அவள் சிரித்துக்கொண்டே மரத்துக்குப் பின்னால் போனாள். அவளுடைய சிவப்புத் தலைத்துணி இரண்டு இடத்தில் மினுங்கி, பிறகு காணாமல் போயிற்று. குரல் மட்டும் வந்தது.

"நேத்தும் ஒருத்தர் என்னை இப்படித்தான் நிக்க வச்சாரு அண்ணே. உங்க பக்கத்து ஆளுதான் போல. வீட்டுக்குப் புது மருமக வந்திருக்காளாம். விடியறதுக்குள்ள முற்றம் பெருக்கணும் இல்லையா அந்தப் பொண்ணு? பக்கத்து வீட்டுக் கிழவன் தினம் கரிக் குவியல்மேல ஏறி நின்னு வெறிக்கிறானாம்."

இஷென்குல் கிளைக்குள் விட்ட கையை எடுக்கவில்லை.

"அது பாவம், மாடியிலேருந்து திரையை நீக்கி நீக்கிப் பாக்குதாம், கிழவன் இறங்கிட்டானான்னு. மாமியார்கிட்ட சோம்பேறின்னு பேரு வாங்கியாச்சு. கேட்டா சொல்லவும் மாட்டேன்னுச்சாம். நேத்துதான் அழுதுகிட்டே வாயைத் திறந்துச்சாம். கல்யாணத்துல ஆசி சொன்ன மனுஷனாம் அண்ணே, அந்தக் கிழவன்! நான்னா அந்தக் கரியையே எடுத்து அவன் மூஞ்சியில பூசியிருப்பேன். இந்த மனுஷன் பதினெட்டு வருஷமாப் பழகிட்டோம், எப்படிக் கேக்கறதுன்னு சொல்லிட்டுப் பன்னெண்டு மரத்துக்குச் சொல்லிட்டுப் போறாரு."

தூரத்தில் யாரோ கன்றுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெர்மெத்தை யாரும் பார்க்கவில்லை. ஒரு நாளும் பார்த்ததில்லை. நெஞ்சில் இருந்த கல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

"என்னண்ணே, நான் தெரியுறேனா?"

"இல்லம்மா."

"அப்ப வரட்டுமா?"

"வேண்டாம்" என்றார். "கொஞ்ச நேரம் அங்கயே நில்லு."