பதினோரு நாள் பாக்கி

“யோசிக்காதீங்க தம்பி. இங்க ஒரு கையெழுத்து, அடியில ஒரு கையெழுத்து. சீக்கிரம்.”

நாலாம் நம்பர் கவுன்ட்டர்காரர் படிவத்தை முன்னால் தள்ளினார். எதிரே நின்ற வேன் டிரைவர் மழையில் நனைந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பேனாவைத் தேடினான்.

அந்தச் சேமநிதி அலுவலகத்தில் நாலாம் நம்பர்காரருக்கு வெட்டுக்கிளி என்று பெயர். ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்த பணத்தை அவசரத்துக்குப் பாதியில் எடுக்க வருகிறவர்களை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. வரி எவ்வளவு வெட்டுப்பட்டாலும் அன்றைக்கே கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார். வரித்துறை அவருக்குக் கமிஷன் கொடுக்கிறது என்று டீ குடிக்கும் இடத்தில் ஒரு பேச்சு உண்டு.

பேனாவை நீட்டிக்கொண்டே அவர் சுவரோர வரிசையைப் பார்த்தார். மூன்றாவது நாற்காலியில் அவள் இன்றைக்கும் வந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே கொட்டுகிற மழையில் வந்தவர்கள் அத்தனை பேரும் சொட்டச் சொட்ட நிற்க, அவளுடைய பச்சை ஸ்வெட்டரில் ஒரு துளி ஈரமில்லை. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கூப்பிடும்போது வரலாம் என்கிற மாதிரி காத்திருந்தாள்.

“எவ்வளவு சார் பிடிப்பாங்க?” என்றான் டிரைவர்.

“மூணுல ஒரு பங்கு வரிக்குப் போயிடும். மிச்சம் நாளைக்குச் சாயங்காலம் உங்க கணக்குல இருக்கும். ஆபரேஷன் என்னிக்கு?”

“வெள்ளிக்கிழமை. பொண்டாட்டிக்கு வயித்துல கட்டி.”

“அப்புறம் என்ன? போடுங்க.”

டிரைவர் முதல் கையெழுத்தைப் போட்டான். இரண்டாவதற்குக் குனிந்த நேரம் பார்த்துப் புது மேலாளர் அம்மா பின்னால் வந்து நின்று கணினித் திரையை எட்டிப் பார்த்தார்.

“ஒரு நிமிஷம். இவர் நிதியில சேர்ந்து அஞ்சு வருஷம் முடிய இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. முடிஞ்சுட்டா வரியே கிடையாதே! இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?”

நாலாம் நம்பர்காரர் படிவத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“நாள் கணக்குப் பாக்கறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்லைன்னு பழைய ஆளுங்க சொல்றாங்க. எத்தனை பேருக்கு வரியை மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கீங்களாம்! இப்ப என்ன வந்துச்சு? ரெண்டையும் எடுத்துச் சொல்லுங்க. முடிவை அவர் எடுக்கட்டும்.” மேலாளர் தன் அறைக்குப் போய்விட்டார்.

டிரைவரின் முகம் மலர்ந்துவிட்டது. பேனாவை மூடினான்.

“பதினோரு நாள்தானே சார்! அந்தப் பணம் எங்களுக்கு ஒரு வருஷ வாடகை.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“தள்ளிப்போடாதேன்னாரு. டாக்டருங்க அப்படித்தானே சொல்வாங்க? மாத்திரை இருக்கு. வீட்டுல அவளும் பொறுத்துக்கறேன்னுதான் சொல்றா.”

நாலாம் நம்பர்காரருக்குப் பயமாகிவிட்டது. இந்த மகிழ்ச்சியை, இதே வார்த்தையோடு, அவர் முன்பே ஒருதரம் பார்த்திருக்கிறார்.

டிரைவர் படிவத்தை எடுத்து மடிக்கப் பார்த்தான். அதன் மறுமுனையை அவர் விடவில்லை.

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருந்தான், தம்பி. இதே மாதிரி அவசரம். அவனுக்குப் பத்தொன்பது நாள் பாக்கி. சட்டம் தெரிஞ்சவன், கணக்குல புலி. நான் ஊருக்கே வரியை மிச்சம் பண்றவன், எனக்கு வெட்டுப்பட விடுவேனான்னு காலண்டர்ல வட்டம் போட்டு உக்காந்துட்டான்.”

“வரி பிடிச்சாங்களா?”

“சல்லிக்காசு பிடிக்கல.”

“பாத்தீங்களா! கெட்டிக்காரர் சார் அவர்.”

“ஆமா. கெட்டிக்காரன். பணம் மொத்தமும் அப்படியே கிடக்கு. ஏழு வருஷமாச்சு, இன்னும் எடுக்கல.”

“முழுசா வருதுன்னா யாராவது எடுக்காம இருப்பாங்களா? ஏன் சார்?”

அவர் மூன்றாவது நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வலியை மறைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவரால் ஒருநாளும் தாங்க முடிந்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

டிரைவரும் திரும்பிப் பார்த்தான்.

“யாரைப் பாக்கறீங்க? அந்த நாற்காலி காலியாத்தானே சார் இருக்கு?”

நாலாம் நம்பர்காரர் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி அவன் கையில் வைத்தார்.

“என் வீட்டுக்காரி, தம்பி. பத்தொன்பது நாள் பொறுத்துக்கோன்னு சொன்னேன்... இன்னும் பொறுத்துக்கிட்டிருக்கா.”