மலை இறக்கத்தில் மலிவுச் சக்கரம்

கடல் கடந்து மலிவு விலையில் வந்த கார்பன் இழைச் சைக்கிள் சக்கரம், முதல் மலை இறக்கத்திலேயே கொதித்தது.

"அண்ணே, கொஞ்சம் விடுங்களேன். இப்படியே அழுத்தினால் சூட்டில் விரிசல் விட்டுவிடுவேன்."

"நானா அழுத்துகிறேன்? ஓட்டுகிற பேராசிரியர்தான் பிரேக் பிடியை விடவில்லை," என்றது பிரேக் கட்டை. "நீ விரிசல் விடுவாய் என்று பயம்."

"பிறகு ஏன் என்னை வாங்கினார்?"

"விலை குறைவு என்று. பயப்படுவதும் விலை குறைவு என்றுதான். நிறையப் படித்தவர், தம்பி."

அடிவாரத்தில் பேராசிரியர் இறங்கி, விளிம்பைத் தடவி விரிசல் தேடினார். விரல் சுட்டது. முதலில் விரலை ஊதினார். பிறகு, சுற்றிலும் பார்த்துவிட்டு, சக்கரத்தையும் ஊதினார்.

அடுத்த ஞாயிறு, அதே இறக்கத்தில், ஒரு நொடி பிடியை விட்டார். உடனே பிடித்துக்கொண்டார்.

"எப்படி இருந்தது?" என்றது கட்டை.

"காற்று வந்தது, அண்ணே. அவரிடம் இன்னொரு நொடி கேளுங்கள்."